கவுன்டருக்கு இந்தப் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். இல்லை என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுவீர்கள். அதனால் இரண்டையும் எழுதவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். பரிசோதனைக் கூடத்தில் தினமும் அறுபது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறேன். எல்லாரும் கையை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். நாள் முழுக்க நான் பார்ப்பது காதுகளைத்தான்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நாம் இரண்டு பேரும் மூன்றாவது நிமிஷத்தில் கத்த ஆரம்பிக்கிறோம். அண்ணன் போன பிறகு இந்த இரண்டு வருஷமாக அப்படித்தான். காகிதத்தில் கத்துவதற்கு நேரம் பிடிக்கிறது. அதற்குள் கோபம் கொஞ்சம் ஆறிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத் தேதி முடிவாகிவிட்டது. மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை. காலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, மதியம் இரண்டு மணியிலிருந்து மண்டபத்தில் வரவேற்பு. இருநூறு பேர். அதில் நூற்றுத் தொண்ணூறு பேர் மாப்பிள்ளை பக்கம். நம் பக்கம் நீங்கள், என்னோடு வேலை செய்கிற ஏழு பேர், மாடி வீட்டு டீச்சரும் அவர் வீட்டுக்காரரும். அம்மா இருந்திருந்தால் கூட இரண்டு பேரைச் சேர்த்திருப்பாள்.

இப்போது சண்டை எதில் தெரியுமா? வரவேற்பில் குடிக்கக் கொடுப்பதா, கொடுத்தால் எப்படிக் கொடுப்பது என்பதில். மூன்று வாரமாக அவர்கள் வீட்டில் இதே பஞ்சாயத்துதான். மாமாவுக்கு, அதான் என் மாமனாருக்கு, டைல்ஸ் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். "வர்றவன்ல பாதிப் பேர் கான்ட்ராக்டர்மா. அவனுங்க கையில ஜூஸக் கொடுத்து அனுப்பினா நாளைக்கு என் கடைப்படி ஏற மாட்டான்" என்கிறார். அத்தை, "மாடியில ஒரு ரூம் இருக்கில்ல, ஆம்பளைங்க அங்க போய் என்னவோ பண்ணிக்கட்டும், நம்ம கண்ணுல படாம இருந்தா சரி" என்கிறார். கண்ணில் படாவிட்டால் அது நடக்கவே இல்லை என்று அர்த்தம் போல. உங்கள் மாப்பிள்ளை, "பீர் மட்டும் வச்சுக்கலாமே" என்கிறார். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா? பத்தாவது மாடிக்கும் தரைத்தளத்துக்கும் சண்டை வந்தால் ஐந்தாவது மாடியில் நிறுத்திவிட்டு சமாதானம் என்பார். அவர் தம்பி, என் கொழுந்தன், இருபத்திரண்டு வயது, இன்னும் மோசம். "அண்ணி, வேணாம்னு முடிவு பண்ணா எனக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்று சிரிக்கிறான்.

எனக்கு ஒரு சொட்டுக் கூட வேண்டாம். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களிடமும் சொன்னேன். மாமா ஒரு நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "அது ஆக்ஸிடென்ட்மா, கல்யாணம் என்ன பண்ணுச்சு" என்றார்.

மண்டபத்துக்காரர் மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்கிறார். குடி உண்டு என்றால் லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம். நீங்கள் முப்பத்தோரு வருஷமாக ஊரார் கல்யாணங்களில் ஊற்றிக் கொடுத்தவர். நாக்கில் ஒரு துளி வைத்ததில்லை. இந்த இரண்டும் சேர்ந்த வேறு ஆளை எனக்குத் தெரியாது. வைத்தால் எப்படி வைப்பது, வைக்காவிட்டால் எப்படிச் சமாளிப்பது என்று எழுதுங்கள். வேலை தெரிந்தவராக மட்டும் எழுதுங்கள். அப்பாவாக எழுதினால் அழுதுவிடுவேன்.

உங்கள் மகள்,
மிளகு


மார்ச் 9

என் மிளகுக்கு,

உன் கடிதத்தை ஹோட்டல் லாக்கர் அறையில் நின்றபடியே படித்தேன். எங்களை மேய்க்கிற கேப்டன் எட்டிப் பார்த்து, "என்னய்யா, லவ் லெட்டரா?" என்றார். "ஆமா சார், இருபத்தேழு வருஷத்துப் பழக்கம்" என்றேன். உன் வயதுதான் என்று அவருக்குப் புரியவில்லை. யாரோ பொம்பளை என்று நினைத்துக்கொண்டு அன்று முழுக்க என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது.

வேலை தெரிந்தவனாக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். இருநூறு பேர் என்றால் குடிக்கிறவர்கள் எழுபது. முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்புறம் வருகிறவர்கள் பத்துப் பேர் எப்போதும் உண்டு. எண்பது என்று வைத்துக்கொள். கவுன்டரை வாசலுக்குப் பக்கத்தில் போடாதே. வருகிறவன் அங்கேயே நின்றுவிடுவான், மண்டபம் காலியாக இருக்கும். சமையலறைப் பக்கமும் கூடாது, தட்டு எடுக்கிறவர்கள் மேலே வந்து மோதுவார்கள். உள்ளே தள்ளி, நாற்பது அடி நடக்கிற மாதிரி ஒரு மூலையில் போடு. மாமியார் பார்க்க நாற்பது அடி நடக்க வேண்டும் என்றால் இரண்டாவது கிளாஸுக்கு மனிதன் யோசிப்பான். மாடி அறை மட்டும் வேண்டவே வேண்டாம். மறைவாகக் குடிக்கிறவனுக்கு அளவு தெரியாது.

பெரிய கிளாஸ் வைக்காதே. சின்னது போதும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் தாகத்துக்குக் குடிப்பார்கள், அடுத்தது பேச்சுக்கு, அதற்கு மேல் வெறும் கைப்பழக்கம்.

இன்னொன்று. எல்லாருக்கும் ஒரே சரக்காக இருக்கட்டும். எங்களிடம் கழுத்தில் வெள்ளைத் துண்டு கட்டிய பாட்டில் மேடைக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு. துண்டில்லாதது பின்னால் உட்காருகிறவர்களுக்கு. இரண்டு மணி நேரம் போனதும் துண்டை மட்டும் மாற்றிக் கட்டிவிடுவோம். மலிவுச் சரக்கைக் குடித்துவிட்டு, "ஆஹா, இதுதான்யா சரக்கு" என்று என் கையைக் குலுக்கிய பெரிய மனிதர்கள் நிறையப் பேர். ஆனால் உன் கல்யாணத்தில் அந்த வேலை வேண்டாம். பின்னால் உட்காருகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

ஊற்றுவதற்கு வெளியாளைக் கூப்பிடாதே. நானே நிற்கிறேன். கறுப்புக் கோட்டைத் துவைத்து வைத்துவிட்டேன். மேடையில் நின்றால் எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. கவுன்டரில் நின்றால் தெரியும். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே, மிளகு.

குறை ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக நீ வீட்டுக்கு வரவில்லை. குளியலறைக் குழாயை மாற்றிவிட்டேன், இப்போது சொட்டுவதில்லை. பெரியவனின் சட்டைகள் அந்தக் கம்பியிலேயேதான் இருக்கின்றன. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா


மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

கேப்டன் கதையைப் படித்து பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் கடைசியில் நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. கவுன்டரில் நிற்கிறேன் என்கிறீர்கள். நீங்கள் பெண்ணுக்கு அப்பா. அது ஞாபகம் இருக்கிறதா?

நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஆனால் நேற்று ராத்திரி அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமாவே ஆரம்பித்தார். "வெளியாள் எதுக்கு? உங்கப்பாவே நிக்கட்டுமே. தொழில் தெரிஞ்ச கை. கான்ட்ராக்டருங்களும் நம்ம சம்பந்தி ஊத்துறாருன்னா சந்தோஷப்படுவாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கிண்டல் இல்லையாம், பாசமாம். அத்தைக்கு மட்டும் முகம் மாறியது. "ஐயோ, சம்பந்தி போய் அங்க நின்னா நல்லாவா இருக்கும்? நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றார். ஒருத்தருக்கு நீங்கள் இலவசமாகக் கிடைத்த வேலையாள். இன்னொருத்தருக்கு நீங்கள் மறைத்து வைக்க வேண்டிய ஆள். இரண்டு பேரில் யார் மேல் அதிகமாகக் கோபப்படுவது என்று தெரியாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை பின்னாலேயே வந்து, "அவங்க தப்பா சொல்லல" என்றார். "தப்பாச் சொல்லாமலே இவ்வளவா?" என்று கேட்டேன். என் கையிலிருந்து தட்டை வாங்கிக் கழுவ ஆரம்பித்தார். மறுபடியும் ஐந்தாவது மாடி.

வாழ்நாள் முழுக்க எல்லா மண்டபத்திலும் பின்கதவு வழியாக உள்ளே போனீர்கள். மேடைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவன் விரலைச் சொடுக்கினால் ஓடினீர்கள். இந்த ஒரு நாள் முன்கதவு வழியாக வாருங்கள். முதல் வரிசை நாற்காலியில் உட்காருங்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் மடியில் வையுங்கள். எல்லா அப்பாக்களும் அங்கேதான் வைக்கிறார்கள்.

ஏன் நிற்க வேண்டும் என்று இப்படித் துடிக்கிறீர்கள்? எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. அந்த பாட்டில்களை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை, அப்பா. ரத்தம் எடுக்கிற வேலையில் இருப்பதால் தினமும் நாலு பேராவது குடியால் கெட்ட கல்லீரலோடு என் முன்னால் கையை நீட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரே நினைப்புதான். அன்றைக்கு அண்ணனுக்கு யாரோ ஒருத்தன் ஊற்றிக் கொடுத்திருக்கிறான். நண்பன் கல்யாணத்துக்குப் போன பையன், பைக்கில் வந்தவன் என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப ஊற்றியிருக்கிறான். அந்தக் கை அழுகிப் போகட்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை.

இவர்கள் விடுகிறதாகத் தெரியவில்லை. முடிவை உங்களிடமே விடுகிறேன். கவுன்டர் இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னால் இருக்கட்டும், வெளியாளைப் போட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் எதற்காக நிற்க ஆசைப்படுகிறீர்கள் என்பதற்குப் பதில் வேண்டும். இந்தத் தடவை அப்பாவாக எழுதுங்கள்.

உங்கள் மகள்,
மிளகு


மார்ச் 20

என் மிளகுக்கு,

உன் கடிதம் மூன்று நாளாகச் சட்டைப்பையில் இருந்தது. வேலைக்குப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போனேன். அப்பாவாக எழுதச் சொன்னாய். இரண்டு வருஷமாக எழுத வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

பெரியவன் போன அன்றைக்கு எங்களுக்கு வெளி ஆர்டர். ஹோட்டலில் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் மதிய வரவேற்பு. எங்களை வேனில் ஏற்றிப் பின் கேட்டில் இறக்கினார்கள். யார் கல்யாணம் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், எத்தனை பேர் என்று மட்டும்தான் சொல்வார்கள். அவனும் காலையில் நண்பன் கல்யாணம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். எங்கே என்று நானும் கேட்கவில்லை, நான் எங்கே போகிறேன் என்று அவனும் கேட்கவில்லை.

ஒரு மணி இருக்கும். தலையை நிமிர்த்திப் பார்த்தால் முன் கேட் வழியாக வருகிறான். நீ வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை. இரண்டு பக்கமும் நண்பர்கள். ஒருத்தன் அவன் தோளில் கை போட்டிருந்தான். வாசலில் நின்ற ஆள் அவனுக்கு வணக்கம் சொன்னார். இத்தனை வருஷத்தில் நம் வீட்டு ஆள் ஒருத்தர் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று நான் பார்த்ததே இல்லை.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தெரிந்தவர் வந்தால் தெரிந்ததாகக் காட்டக் கூடாது. சொந்தக்காரர் வந்தால் கேப்டனிடம் சொல்லிவிட்டு கவுன்டரை விட்டு இறங்கிவிட வேண்டும், ஓசியில் ஊற்றிவிடுவோமாம். சொல்லியிருக்கலாம். சொன்னால் தட்டு எடுக்க அனுப்புவார். அவன் நண்பர்கள் சாப்பிட்ட எச்சில் தட்டை அவன் கண் முன்னால் நான் எடுக்க வேண்டும். அவனுக்கு அந்த நாள் கெட்டுப்போகும் என்று நினைத்தேன். அதனால் சொல்லவில்லை. தப்பு அங்கே ஆரம்பித்தது.

அவன் கவுன்டருக்கு வந்தான். "என்ன வேணும் சார்?" என்று கேட்டேன். அவனுக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு. "நீங்களே பாத்துக் கொடுங்க" என்றான். துண்டு கட்டிய பாட்டிலை எடுத்தேன். எல்லாருக்கும் முப்பது மில்லி ஊற்றுகிறவன், அவனுக்கு அறுபது ஊற்றினேன். என் பிள்ளை முதல் மேசைக்காரர்களின் சரக்கைக் குடிக்கட்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், மிளகு. எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது தடவை வந்தான், மூன்றாவது தடவை வந்தான். ஒவ்வொரு தடவையும் நாங்கள் இருவரும் அந்நியர் மாதிரியே பேசிக்கொண்டோம். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாக ஆகிவிட்டது. நான்காவது தடவை வந்தபோது கையில் கிளாஸ் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன், அதுதானே என் வேலை. பைக்கில் வந்திருக்கிறான் என்றும் தெரியும். போதும்டா, போய் உட்காரு என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. கேப்டன் பக்கத்தில் நின்றிருந்தார். விருந்தாளியிடம் போதும் என்று சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. சொன்னால் ஏன் என்று கேட்பார். அப்பா என்று தெரிந்துவிடும். அவன் நண்பர்களுக்கும் தெரிந்துவிடும். இவ்வளவையும் அந்த ஒரு நொடியில் யோசித்தேன். யோசித்துவிட்டு ஊற்றினேன். அவன் "தேங்க்ஸ்" என்றான்.

நாலரை மணிக்கு கேப்டன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில்.

போலீஸ் எங்கே குடித்தான் என்று கேட்டது. யார் ஊற்றினார்கள் என்று கேட்கவில்லை. நீ கேட்டாய், நான் வாயைத் திறக்கவில்லை. நீ அழுகிப் போகட்டும் என்று எழுதிய கை இதுதான். இந்தக் கடிதத்தையும் அதுதான் எழுதுகிறது.

ஏன் நிற்கத் துடிக்கிறேன் என்று கேட்டாய். உன் கல்யாணத்தில் எனக்கு மேலே கேப்டன் கிடையாது. பெண்ணுக்கு அப்பா நான். யார் வந்து கிளாஸை நீட்டினாலும் போதும் என்று சொல்லலாம். சம்பந்தியிடம் கூடச் சொல்லலாம். ஒரே ஒரு நாள் அப்படி நிற்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

கவுன்டர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்குத் தகுதி இல்லை. நீயே செய்.

அப்பா


மார்ச் 30

அப்பா,

ஒரு வாரமாக எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

மண்டபத்துக்காரரிடம் லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கவுன்டர் கிடையாது. மாமா என்னிடம் பேசுவதில்லை. பேச வேண்டாம்.

அண்ணன் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று அறிக்கையைப் படித்தவள் நான். அந்த எண் எனக்கு மனப்பாடம். அது முழுக்க உங்கள் கையால் வந்தது என்று தெரியாமல் இரண்டு வருஷம் உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அடக்கம் முடிந்த அன்று உங்கள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, நீங்க என்னப்பா பண்ணுவீங்க என்று சொன்னேன். நீங்கள் பேசாமல் படுத்திருந்தீர்கள்.

கல்யாணத்துக்கு வர வேண்டாம். உங்களைப் பார்த்தால் என்னால் அங்கே நிற்க முடியாது.

மிளகு


ஏப்ரல் 6

என் மிளகுக்கு,

சரிம்மா. வரவில்லை. நீ கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

அவர்கள் வீட்டில் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. மூட்டுவலி என்று சொல். இருதயம், கிருதயம் என்று சொன்னால் பார்க்க வந்துவிடுவார்கள்.

ஜூஸ் மட்டும்தான் என்றால் ஒன்று கேட்டுக்கொள். ஆட்கள் உள்ளே நுழைந்ததும் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்துவிட ஆள் வை. கை சும்மா இருந்தால்தான் மனிதனுக்குக் குடி ஞாபகம் வரும். முன்கூட்டியே ஊற்றி வைக்கச் சொல்லாதே, வெதுவெதுப்பாகிவிடும். வெதுவெதுப்பான ஜூஸைக் குடித்தவன் பத்து வருஷம் கழித்தும் அதைச் சொல்லிக் காட்டுவான்.

அன்றைக்கு எனக்கு வேலை போடச் சொல்லிக் கேட்டுவிட்டேன். வெளி ஆர்டர் இருக்கிறதாம். கேப்டன், "பொண்ணு கல்யாணம்னு லீவு கேட்டியேய்யா?" என்றார். "தள்ளிப் போச்சு சார்" என்றேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பொழுது போகாது. நின்றுகொண்டிருந்தால் போய்விடும்.

நல்ல துணியாக உடுத்திக்கொள். காலுக்குப் பழகிய செருப்பைப் போடு, நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். நிற்பதைப் பற்றி எனக்குத் தெரியும். நல்லா இரு.

அப்பா


மே 27

அப்பாவுக்கு,

கல்யாணம் முடிந்து பதினெட்டு நாள் ஆகிறது. நான் இருக்கிறேன். அவர் நன்றாக வைத்துக்கொள்கிறார். வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். கேட்டால் புரிந்துகொள்கிற ஆள் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் இருக்கிறார், அவரை நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே ஜூஸ் மட்டும்தான். மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாதுவாக இருந்தார். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு மேல் முதல் இரண்டு வரிசையில் ஆண்களே இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் மாமாவின் டைல்ஸ் வேன் கதவைத் திறந்துவைத்து, உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் பாட்டில். நின்றுகொண்டே, தண்ணீர் கூட விடாமல், காகிதக் கப்பில். ஊற்ற ஆள் கிடையாது, அவரவரே ஊற்றிக்கொண்டார்கள். திரும்பி வந்தவர்கள் என்னிடம் ரொம்ப மரியாதையாக வாழ்த்துச் சொன்னார்கள். ஒரு கான்ட்ராக்டர், "நல்ல முடிவும்மா, இந்தக் காலத்துல உன்னை மாதிரிப் பொண்ணு கிடைக்காது" என்று சொல்லும்போது அவர் வாயிலிருந்து அடித்த வாடையில் எனக்குத் தலை சுற்றியது.

போட்டோ எடுக்கிறவர் குடும்பப் படத்துக்கு எல்லாரையும் நிறுத்திவிட்டு, "பொண்ணோட அப்பா எங்கம்மா?" என்று கேட்டார். மூட்டுவலி என்று சொல்ல வேண்டும். வாயில் வரவில்லை. "வேலைக்குப் போயிருக்கார்" என்று சொன்னேன். அவர் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அத்தை என் பக்கத்தில் இருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு ஒரு பூத்தொட்டியை நகர்த்தி வைக்கச் சொன்னார். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது.

இனிமேல் எழுதுவதுதான் விஷயம்.

கொழுந்தன் புதுத் துணியில் பாக்கெட் இல்லை என்று காலையிலேயே பைக் சாவியை என்னிடம் கொடுத்து, "அண்ணி, பைல போட்டு வைங்க" என்றிருந்தான். நாலரை மணிக்கு ஐஸ் தீர்ந்துவிட்டது. ஜூஸ் வெதுவெதுப்பாகிவிட்டது என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். அவன் ஓடி வந்து, "அண்ணி, சாவி கொடுங்க, நான் போய் ஐஸ் வாங்கிட்டு வந்துடறேன்" என்றான். கண்ணைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் இருந்தது. நிற்பதற்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தான். உங்கள் அளவுக்கு எனக்குத் தொழில் தெரியாது. ஆனால் அதற்குத் தொழில் தெரிய வேண்டியதில்லை.

"நீ உக்காரு, வேற யாரையாவது அனுப்பலாம்" என்றேன். "அட, அஞ்சு நிமிஷம் அண்ணி" என்றான். பக்கத்தில் மாமா. ஒன்றரை மாதமாக என்னோடு பேசாதவர். அவருக்குப் பின்னால் மூன்று கான்ட்ராக்டர்கள். "குடும்மா, எல்லாரும் பாக்கறாங்க. ஒரு சாவிக்கு என்ன இவ்வளவு யோசனை?" என்றார், சிரித்த முகத்தோடு. என் வீட்டுக்காரர் மேடையில் யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொன்னால் வந்த முதல் நாளே வாய் நீளம் என்பார்கள். அப்பா இல்லாத பெண், அதான் இப்படி என்பார்கள். இவ்வளவையும் அந்த ஒரு நொடியில் யோசித்தேன்.

பையைத் திறந்து சாவியைக் கொடுத்தேன். "பாத்துப் போ" என்று வேறு சொன்னேன்.

அவன் வண்டியை எடுக்கிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. அதன் பிறகு முப்பத்தைந்து நிமிஷம் நான் மேடையில் நின்று சிரித்தேன். வந்தவர்கள் கையெல்லாம் சில்லென்று இருக்கிறதே என்றார்கள். ரோட்டில் எங்காவது ஹாரன் கேட்டால் சிரிப்பு அப்படியே நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். எல்லாப் படத்திலும் என் கண் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. யாருக்காகவோ ஏங்கிக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அவன் வந்துவிட்டான். தோளில் ஐஸ் மூட்டை, சட்டையெல்லாம் நனைந்து, சிரித்துக்கொண்டே வந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்பா, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் வந்தான், அண்ணன் வரவில்லை. மற்றபடி நீங்கள் செய்ததற்கும் நான் செய்ததற்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. எனக்குச் சம்பளம் கூட யாரும் பிடிக்கப் போவதில்லை. வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை. இருந்தும் கொடுத்தேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அண்ணன் முகம் வந்து நிற்கிறது. பொய்யாக எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் வர வேண்டாம் என்று எழுதினேனே, அந்த ஒரு வரியை எப்படியாவது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று தினமும் நினைக்கிறேன். வழியில்லை. அந்தச் சனிக்கிழமை முடிந்துவிட்டது. வேனுக்குப் பக்கத்தில் போய் நின்று போதும் என்று சொல்ல அங்கே ஒருத்தர் கூட இல்லை. சொல்ல ஆசைப்பட்ட ஒரே ஆளை நான்தான் தடுத்தேன்.

அன்றைக்கு எந்தக் கல்யாணத்தில் நின்றீர்கள்? யாராவது நாலாவது தடவை வந்து நின்றார்களா? அவனிடம் போதும் என்று சொன்னீர்களா? எழுதுங்கள். ஊற்றிவிட்டேன் என்றாலும் எழுதுங்கள். படிப்பேன்.

உங்கள் மகள்,
மிளகு